ஜோனத்தன் எட்வர்ட்ஸ்: சிலந்தியும் தேனும்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. அமெரிக்க இலக்கியத் தாளில் பதினெட்டாம் நூற்றாண்டுப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் ‘கோபங்கொண்ட தேவனின் கைகளில் பாவிகள்’ என்ற ஒரே ஒரு பிரசங்கம் பாடமாக இருக்கிறதாம். “படித்தால் எரிச்சல்தான் வருகிறது. நரகத்தைக் காட்டி ஊர் ஜனங்களைக் கதறவைத்த ஒருவரை ஏன் அமெரிக்காவின் பெரிய சிந்தனையாளர் என்கிறார்கள்? அவ்வளவு செல்வாக்கு இருந்தும் சொந்தச் சபையே அவரை ஏன் வெளியே அனுப்பியது? இது தவிர வேறு எதைப் படிக்கலாம்?”

எரிச்சல் வருவது நியாயம்தான். எனக்கும் முதலில் வந்தது. சிக்கல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 பிரசங்கக் கையெழுத்துப் படிகளை விட்டுச்சென்ற ஒருவரை ஒரே பிரசங்கத்தால் அளக்கச் சொன்னால், பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்த ஒரு சோறு பானையில் எங்கே கிடந்தது என்று பார்க்க வேண்டும்.

எட்வர்ட்ஸ் 1703 அக்டோபர் 5 அன்று கனெக்டிகட்டின் ஈஸ்ட் வின்ட்சரில் பிறந்தார். அப்பா தீமோத்தேயு போதகர். அம்மா எஸ்தரின் தகப்பனார் சாலமோன் ஸ்டாடர்டும் போதகர். அதுவும் சாதாரணப் போதகர் அல்ல, மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி முழுவதும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பதினோரு பிள்ளைகளில் ஜோனத்தன் ஒருவர்தான் ஆண். பத்துச் சகோதரிகளும் நெடுநெடுவென்று உயரம். தன் வீட்டில் மொத்தம் அறுபதடி மகள்கள் இருப்பதாக அப்பா வேடிக்கையாகச் சொல்வாராம். பதின்மூன்று வயது நிறையும் முன்பே, பின்னால் யேல் என்று பெயர்பெற்ற கல்லூரியில் சேர்ந்து 1720-இல் பட்டம் பெற்றார். விஞ்ஞானி நியூட்டனையும் தத்துவவாதி ஜான் லாக்கையும் ஆசையோடு படித்தார். இந்த இரண்டு பெயர்களும் பின்னால் உதவும்.

அந்த வயதில் அவருக்கு இன்னொரு பைத்தியம் சிலந்தி. காட்டுச் சிலந்திகள் நூலை வெளியே விட்டு, காற்றில் ஏறி, மரத்துக்கு மரம் மிதந்து போவதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறார். வெயிலில் நூல் பளபளப்பதை, சிலந்தி எந்தக் கோணத்தில் புட்டத்தைத் தூக்கி நூலை விடுகிறது என்பதை, படம் போட்டு எழுதியிருக்கிறார். 1723 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான பால் டட்லிக்கு அதை ஒரு கடிதமாகவே அனுப்பினார். அந்தச் சின்ன உயிருக்கும் பறக்கிற சந்தோஷத்தைக் கடவுள் வைத்திருக்கிறாரே என்பது அவருக்கு வியப்பு. பதினெட்டு வருஷம் கழித்து அதே மனிதர்தான், நெருப்புக்கு மேலே ஒருவன் சிலந்தியைத் தூக்கிப் பிடிப்பதுபோலக் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார் என்றார். உங்கள் பாடத்தில் இருக்கும் சிலந்தி புத்தகத்திலிருந்து எடுத்த உவமை அல்ல. சிலந்தியின் நூல் எவ்வளவு மெல்லியது என்று கண்ணால் பார்த்தவர் சொன்னது.

1727-இல் தாத்தா ஸ்டாடர்டுக்குத் துணையாக மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் சபைக்கு வந்தார். அதே வருஷம் ஜூலையில் சாரா பியர்பான்ட்டை மணந்தார். சாராவுக்கு வயது 17. அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோதே, வயல்வெளிகளில் தனியே பாடிக்கொண்டு நடக்கும் நியூ ஹேவன் பெண் ஒருத்தியைப் பற்றி ஒரு புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். நம் காலத்துக் கண்ணுக்கு அந்த வயது உறுத்துகிறது. ஆனால் எழுதியதில் இருப்பது பொறாமை கலந்த வியப்பு. தான் முட்டி மோதித் தேடும் ஒன்று இவளுக்கு இயல்பாகவே வாய்த்துவிட்டதே என்ற வியப்பு. 1729-இல் தாத்தா இறந்தார். இருபத்தைந்து வயதில் அந்த வட்டாரத்தின் பெரிய சபை முழுப் பொறுப்பாக இவர் கையில் வந்தது.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் 1734-இல் அச்சான ‘ஒரு தெய்வீக ஒளி’ பற்றிய பிரசங்கத்தில் இருக்கிறது. அதில் அவர் சொல்வது: தேன் இனிக்கும் என்று அறிவால் ஒப்புக்கொள்வது வேறு, அந்த இனிப்பை நாக்கில் உணர்வது வேறு. முதலாவதை யாரும் கேள்விப்பட்டே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கிடைக்க, நாக்கில் தேன் பட்டாக வேண்டும். கடவுள் பரிசுத்தமானவர், கிருபையுள்ளவர் என்பதும் அப்படியே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதை அவர் ஒரு முழுத் தத்துவமாகவே கட்டினார். ‘கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்’ என்ற சங்கீத வரியை நம்மூர் ஆலயச் சுவர்களில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர்களும் வாசிக்கிறவர்களும் ‘ருசித்து’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவோம். எட்வர்ட்ஸ் அந்தச் சொல்லில் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே நின்றார்.

இங்கேதான் லாக் வருகிறார். அறிவெல்லாம் அனுபவத்திலிருந்துதான், முதலில் புலன் வழியாக, வருகிறது என்பது லாக்கின் வாதம். எட்வர்ட்ஸ் அதை வாங்கி, மனந்திரும்பியவனுக்குக் கடவுள் ஒரு புதுப் புலனையே தருகிறார் என்று திருப்பினார். சரி, பிரசங்கி அதற்கு என்ன செய்ய முடியும்? புலனைத் தர அவரால் ஆகாது, அது கடவுளின் வேலை. ஆனால் கேட்கிறவன் ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பதைத் தொட்டுப் பார்க்கும்படி செய்யலாம். மரணம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதை உணர்வதில்லை. அந்த ‘தெரியும்’ என்பதை உடைப்பதுதான் அவருடைய பிரசங்க முறை. தேனுக்கும் இதே முறை, நெருப்புக்கும் இதே முறை.

முறை என்றதும் கத்திப் பேசியிருப்பார் என்று தோன்றும். அவருக்குக் குரல் வளமே கிடையாது. ஒல்லியான, உயரமான உருவம். அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அவரோடு தங்கிப் படித்த சாமுவேல் ஹாப்கின்ஸ் 1765-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், குரல் பலமானதல்ல, ஆனால் தெளிவானது, கையை அதிகம் அசைக்க மாட்டார் என்று குறித்திருக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னத் தாள் கட்டுகளில் எழுதி வைத்துப் படிப்பார். காகிதம் விலை அதிகம் என்பதால் பழைய கடிதங்களின் பின்புறம், கடை ரசீதுகள், வீட்டுப் பெண்கள் விசிறி செய்து மிஞ்சிய துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக்கொள்வார். பேசும்போது ஜனங்களைப் பார்க்காமல் எதிரே தொங்கும் ஆலயமணிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒருநாள் பார்த்துப் பார்த்தே கயிறு அறுந்துவிட்டது என்று ஊரில் ஒரு கேலிக்கதையும் உண்டு. நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் படிப்பறையில் இருப்பார். குதிரைமேல் போகும்போது ஏதாவது தோன்றினால் ஒரு துண்டுத் தாளை அங்கியில் குத்திக்கொண்டு வந்து வீட்டில் எழுதுவார். மக்களோடு கலகலப்பாகப் பழகத் தெரியாத மனிதர். வீடு வீடாகப் போய் விசாரிக்கும் போதகர் அல்ல. இந்தக் குறை பின்னால் அவர் காலை வாரியது.

1734-இன் கடைசியில் நார்தாம்ப்டனில் எழுப்புதல், அதாவது ஊரே திரளாக மனந்திரும்பும் பக்தி அலை, தொடங்கியது. சுமார் 200 குடும்பங்கள் உள்ள ஊர். ஆறு மாதத்தில் 300-க்கும் மேற்பட்டோர் மனந்திரும்பியதாக அவரே கணக்கிட்டார். அதில் நான்கு வயதுப் பெண்குழந்தை ஃபீபி பார்ட்லெட்டும் உண்டு, கறுப்பின அடிமைகள் சிலரும் உண்டு. சாராயக்கடை காலியாகி, போதகர் வீடு நிறைந்தது. அதைப் பற்றி எட்வர்ட்ஸ் எழுதிய விவரணத்தை ஐசக் வாட்ஸும் ஜான் கைஸும் 1737-இல் லண்டனில் வெளியிட, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அவர் பெயர் பரவியது.

ஆனால் அதே விவரணத்தில் ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. 1735 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. எட்வர்ட்ஸின் சித்தப்பா முறையான ஜோசப் ஹாலி, ஊரில் மதிப்பான வணிகர், தன் ஆத்துமாவுக்கு மீட்பே இல்லை என்ற கலக்கத்தில் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அதற்குப் பின் ஊரில் பலருக்கு, ‘இதுதான் நேரம், நீயும் செய்’ என்று யாரோ காதில் சொல்வதுபோல இருந்ததாம். எழுப்புதல் அத்தோடு அடங்கியது. எட்வர்ட்ஸ் இதை மறைக்கவில்லை, எழுதினார். சாத்தானின் வேலை என்றார். தன் பிரசங்கத்துக்கும் அந்தக் கத்திக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டுக்கொண்டதாக அச்சில் எங்கும் நான் பார்த்ததில்லை. அவருடைய எழுத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் இடம் இது.

1740 அக்டோபரில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் நார்தாம்ப்டனுக்கு வந்தார். இங்கிலாந்துக்காரர், இருபத்தைந்து வயது, மைதானத்தில் நின்று ஆயிரக்கணக்கானோரை அழவைக்கும் நாடகக் குரல். நம் எழுப்புதல் கூட்ட மேடைகளின் முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம். அவர் பேசும்போது முன்னால் உட்கார்ந்து எட்வர்ட்ஸ் அழுதார். பிறகு தனியே, உள்ளுணர்வில் தோன்றுவதையெல்லாம் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்தார். இரண்டும் ஒரே ஆள்தான். விட்ஃபீல்டைக் கேட்ட பிறகு, பிரசங்கத்தை வரிக்கு வரி எழுதுவதைக் குறைத்துக் குறிப்புகளோடு பேசவும் முயன்றார்.

இப்போது உங்கள் பாடத்துக்கு வரலாம். 1741 ஜூலை 8, என்ஃபீல்ட். இன்று கனெக்டிகட்டில் இருக்கும் அந்த ஊர் அன்று மாசசூசெட்ஸின் கீழ் இருந்தது. சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் எழுப்புதல் பற்றியிருக்க, என்ஃபீல்ட் மட்டும் அசையாமல் இருந்தது. எட்வர்ட்ஸ் எடுத்துப்போனது புதிய பிரசங்கம்கூட அல்ல, ஜூனில் நார்தாம்ப்டனில் ஏற்கெனவே சொன்னது. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வசனம் உபாகமம் 32:35. நம் தமிழ் வேதாகமத்தில் ‘ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்’ என்று இருக்கிறது. அவர் கையில் இருந்த ஆங்கில வேதத்தில் ‘கால் வழுக்கும்’ என்று பொருள்படும் சொல். இந்த வித்தியாசம் முக்கியம். தள்ளாடுகிறவன் நோயாளி, குடிகாரன், கிழவன். அவனுக்கு விழப்போவது தெரியும். வழுக்குகிறவனுக்கு அந்த நொடிவரை எதுவும் தெரியாது, நன்றாகத்தான் நடந்துகொண்டிருப்பான். விழுவதற்கு யாரும் தள்ளவும் வேண்டாம், அவன் எடையே போதும். எட்வர்ட்ஸ் பிரசங்கத்தின் மொத்தக் கட்டடமும் இந்த வழுக்கலின் மேல் நிற்கிறது. அவர் துணைக்கு அழைக்கும் 73-ஆம் சங்கீதத்தில் நம் மொழிபெயர்ப்பு சரியான சொல்லைப் பிடித்திருக்கிறது: ‘நீர் அவர்களைச் சறுக்கலான இடங்களில் நிறுத்தி’. மழைக்காலத்தில் பாசி படிந்த குளத்துப் படித்துறையில் இறங்கியவர்களுக்கு இந்தப் பிரசங்கம் சட்டென்று புரியும்.

அதன் பிறகு படிமங்களை எண்ணிப் பாருங்கள். குழியின் மேலே இற்றுப்போன பலகை, அதன்மேல் நடை. எந்த இடம் தாங்காது என்று தெரியாது. அணையில் ஏறிக்கொண்டே போகும் தண்ணீர், மதகைப் பிடித்திருக்கும் ஒரே கை. நாணில் ஏற்றி நெஞ்சுக்குக் குறிபார்த்த அம்பு. மெல்லிய நூலில் தொங்கும் மனிதன், நூலைச் சுற்றி நாக்கை நீட்டும் நெருப்பு. எல்லாப் படிமமும் கனத்தைப் பற்றியது, விழுவதைப் பற்றியது. நியூட்டன் படித்தவரின் நரகம் இது. பாவம் ஈயம்போலக் கனக்கிறது, அது இயல்பாகவே கீழே இழுக்கிறது. மேலே பிடித்திருக்கும் கை விட்டால் போதும். நம் கோயில் சிற்பங்களிலும் பழைய கதைகளிலும் வரும் எண்ணெய்க் கொப்பரை நரகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தண்டனை நடந்துகொண்டிருக்கிறது. இங்கே எதுவுமே இன்னும் நடக்கவில்லை. அடுத்த நொடியில் நடக்கலாம் என்பதுதான் பயம். பிரசங்கம் ‘அவர்கள்’ என்று தொடங்கி, பாதியில் ‘நீ’ என்று திரும்புவதையும் கவனியுங்கள். நேற்று இரவு படுத்தாயே, காலையில் கண்விழிக்கும்வரை நீ ஏன் விழவில்லை என்று கேட்கும் இடத்தில் யார் கை நடுங்காது?

அவரால் பிரசங்கத்தை முடிக்கவே முடியவில்லை. அன்று அங்கே இருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: முடிவதற்கு முன்பே ஆலயம் முழுதும் புலம்பலும் கூக்குரலும், இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும், ஐயோ நரகத்துக்குப் போகிறேனே என்று அலறல். எட்வர்ட்ஸ் நிறுத்திக் காத்திருந்தார். பிறகு போதகர்கள் பிரசங்க மேடையை விட்டு இறங்கி, ஜனங்களோடு ஜெபித்தார்கள்.

அச்சில் இருக்கும் கடைசிப் பகுதியை மாணவர்கள் பலர் எட்டுவதில்லை. அங்கே கிருபையின் கதவை கிறிஸ்து அகலத் திறந்துவைத்து நின்று அழைக்கிறார், பக்கத்து ஊர்க்காரர்கள் திரளாக உள்ளே போகிறார்கள், நீ மட்டும் வெளியே நின்று பசியோடு பார்க்கப்போகிறாயா என்கிறார். லோத்துக்குச் சொன்ன ‘உன் ஜீவன் தப்ப ஓடிப்போ, பின்னிட்டுப் பாராதே’ என்ற வார்த்தையோடு முடிக்கிறார். அது இருப்பதால் முன்னால் சொன்னது இனிப்பாகிவிடாது. ஆனால் அவர் எதற்காகப் பயமுறுத்தினார் என்பது அங்கேதான் தெரிகிறது.

நரகத்தைப் பற்றி இப்படிப் பேசியவர், அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1738-இல், 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தின்மேல் தொடராகப் பிரசங்கித்தார். கடைசிப் பிரசங்கத்தின் பெயர் ‘பரலோகம் அன்பின் உலகம்’. அங்கே அன்பு ஊற்றெடுத்து, ஆறாகி, கடலாகிறது. ஒருவர் மற்றவரைவிட அதிக மகிழ்ச்சியில் இருந்தாலும் யாருக்கும் பொறாமை வராது, ஏனென்றால் நேசிக்கிறவர்கள் நேசிக்கப்படுகிறவர்களின் சந்தோஷத்தில் சந்தோஷப்படுகிறார்கள். என்ஃபீல்டில் நெருப்பை உணரவைத்த அதே கை இங்கே தண்ணீரை உணரவைக்கிறது. இந்தத் தொடர் 1852-இல்தான் அச்சேறியது. என்ஃபீல்ட் பிரசங்கமோ சொன்ன வருஷமே, 1741-இல், பாஸ்டனில் அச்சாகிவிட்டது. பயம் சீக்கிரம் விற்கும்.

எழுப்புதல் கட்டுமீறிப் போனதும் அவர் கண்ணெதிரே நடந்தது. ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற போதகர் 1743-இல் நியூ லண்டனில் பக்திப் புத்தகங்களையே குவித்து எரித்தார். மறுநாள் ஆடம்பர உடைகளின் குவியலில் தன் கால்சட்டையையும் கழற்றிப் போட்டார். பாஸ்டனில் சார்ல்ஸ் சான்சி, இதெல்லாம் வெறும் உணர்ச்சிவெறி, மனிதனை அறிவுதான் நடத்தவேண்டும் என்று புத்தகம் போட்டார். எட்வர்ட்ஸ் இரண்டு பக்கத்திலும் சேரவில்லை. 1746-இல் வெளிவந்த அவருடைய ‘பக்தி உணர்வுகள்’ என்ற நூல் இந்தக் குழப்பத்துக்கான விடை. அழுவது, நடுங்குவது, வேதவசனம் மளமளவென்று வருவது, ஆனந்தத்தில் உருகுவது என்று பன்னிரண்டு விஷயங்களை அடுக்கி, இவை கடவுளிடமிருந்து வந்ததற்கும் அடையாளம் அல்ல, வரவில்லை என்பதற்கும் அடையாளம் அல்ல என்கிறார். பிறகு உண்மையான அடையாளங்கள் பன்னிரண்டு. அவற்றில் கடைசியும் மிக நீளமானதும் நடத்தை. வருஷக்கணக்காக ஒருவன் எப்படி வாழ்கிறான் என்பது. எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்த நூலைப் படித்தால் கொஞ்சம் அடிபடுவார்கள். நான் அடிபட்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. ஏன் வெளியேற்றினார்கள்?

தாத்தா ஸ்டாடர்ட் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒழுக்கமாக வாழ்கிற எவரும், சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெறலாம், அந்த விருந்தே அவர்களை மனந்திருப்பக்கூடும் என்பது அவர் எண்ணம். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஊர் அதில் பழகியிருந்தது. பேரன் இருபது வருஷம் அதையே நடத்திவிட்டு, 1748 வாக்கில், உள்ளத்தில் உண்மையாகவே நம்புகிறேன் என்று வாயால் அறிக்கையிடாதவர்களுக்கு விருந்து இல்லை என்றார். அவர் பாதையில் பார்த்தால் வேறு வழியில்லை. தேனை ருசிக்காதவன் ருசித்ததாகப் பந்தியில் உட்காரக் கூடாது. ஊர்க்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், தாத்தா உட்காரவைத்தவர்களைப் பேரன் பந்தியிலிருந்து எழுப்புகிறார். பந்தியில் இருந்து எழுப்பிவிடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது ஒன்றே காரணமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பார். 1744-இல் ஊர் இளைஞர்கள் சிலர் மருத்துவச்சிகளுக்கான நூலை ஒளித்துப் படித்து, அதை வைத்துப் பெண்களைக் கிண்டல் செய்தது வெளியே வந்தது. விசாரணைக்கு வரவேண்டியவர்களின் பெயர்களை எட்வர்ட்ஸ் ஆலயத்தில் வாசித்தார். குற்றம் செய்தவர் யார், சாட்சி யார் என்று பிரித்துச் சொல்லவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். ஊர் கொதித்தது. அதோடு சம்பளத் தகராறு வேறு வருஷா வருஷம். வீடுகளுக்குப் போய்ப் பேசிப் பழகியிருந்தால் இவையெல்லாம் திண்ணையிலேயே தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அவர் படிப்பறையில் இருந்தார்.

1750 ஜூன் 22. அக்கம்பக்கச் சபைகளின் ஆலோசனைக் குழு 10-க்கு 9 என்ற வாக்கில் பிரிவதே நல்லது என்றது. சபை அங்கத்தினரில் 200-க்கும் மேற்பட்டோர் அவர் போகவேண்டும் என்றார்கள். இருக்கட்டும் என்றவர்கள் 23 பேர். எதிர்த்தரப்பில் முன்னின்று பேசியவர் யார் தெரியுமா? கழுத்தை அறுத்துக்கொண்ட ஹாலியின் மகன், அதே பெயர் கொண்ட இளம் வழக்கறிஞர். பத்து வருஷம் கழித்து, 1760-இல், தான் செய்தது அநியாயம் என்று அந்த மகனே பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது எட்வர்ட்ஸ் உயிரோடு இல்லை.

நாற்பத்தாறு வயது, பெரிய குடும்பம், வேலை இல்லை. 1751-இல் எல்லைப்புறத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போனார். மோஹிக்கன் பழங்குடியினருக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு எளிய பிரசங்கங்கள். அவர்களுடைய நிலத்திலும் பள்ளிப் பணத்திலும் கைவைத்த செல்வாக்குள்ள வெள்ளையர்களோடு ஓயாத சண்டை, அதில் இவர் பழங்குடியினர் பக்கம் நின்றார். சின்ன மகன் ஜோனத்தன் அங்கே தெருவில் விளையாடியே மோஹிக்கன் மொழி கற்று, பின்னாளில் அந்த மொழியைப் பற்றி ஒரு நூலே எழுதினான். சித்தத்தின் சுதந்திரம் பற்றிய அவருடைய பெரிய தத்துவ நூலும் 1754-இல் இந்த மூலையிலிருந்துதான் வந்தது. சிந்தனையாளர் என்ற பெயர் முக்கியமாக அதனால்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். எட்வர்ட்ஸ் அடிமைகளை வைத்திருந்தார். 1731-இல் நியூபோர்ட்டுக்குப் போய் வீனஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுமியை 80 பவுனுக்கு வாங்கினார். அவர் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் டைட்டஸ் என்ற பையன் மாடுகளோடும் பாத்திரங்களோடும் விலைபோட்டு எழுதப்பட்டிருக்கிறான். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவருவதை அவர் கண்டித்தார். ஆனால் வீட்டில் அடிமை வைத்திருப்பதை நியாயப்படுத்திக் குறிப்பு எழுதினார். நடத்தைதான் கடைசி அடையாளம் என்றவர். அந்த அளவுகோலை அவர்மேலேயே வைத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அவருடைய சீடர் ஹாப்கின்ஸும், மோஹிக்கன் பேசிய அந்த மகனும் அடிமைமுறையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். அமெரிக்காவில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவரான லெமுவேல் ஹேன்ஸும் எட்வர்ட்ஸின் இறையியலை வைத்தே அடிமைமுறைக்கு எதிராக வாதாடினார்.

1757-இல் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராக இருந்த, மகள் எஸ்தரின் கணவர் ஏரன் பர் இறந்துபோக, அந்தப் பதவிக்கு எட்வர்ட்ஸை அழைத்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லை, சோர்ந்த சுபாவம், உயர்கணிதமும் கிரேக்க இலக்கியமும் போதாது என்று ஒரு கடிதம் எழுதினார். வேலைக்கு அழைத்தவர்களுக்கு இப்படி ஒரு பதிலை வேறு யாரும் எழுதியிருப்பார்களா தெரியவில்லை. கடைசியில் போனார். 1758 பிப்ரவரியில் அம்மை குத்திக்கொண்டார். அறிவியலை நம்பியவர், மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று. அதுவே முற்றி மார்ச் 22-இல் இறந்தார். வயது 54. பதினாறு நாளில் மகள் எஸ்தர், அக்டோபரில் சாரா. எஸ்தர் விட்டுச்சென்ற இரண்டு வயதுப் பிள்ளைதான் பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகி, அரசியல் எதிரி அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கியால் சுட்ட, அப்பாவின் பெயரையே தாங்கிய ஏரன் பர்.

நம் பக்கத்துக்கும் ஒரு நூல் ஓடுகிறது. பழங்குடியினரிடையே ஊழியம் செய்த டேவிட் பிரெய்னார்டு 1747-இல் காசநோயால் எட்வர்ட்ஸின் வீட்டில் இறந்தார். பார்த்துக்கொண்ட மகள் ஜெருஷா நான்கு மாதத்தில் போய்ச்சேர்ந்தாள். பிரெய்னார்டின் நாட்குறிப்பை எட்வர்ட்ஸ் தொகுத்து 1749-இல் வெளியிட்டார். இந்தியாவுக்கு வந்த மிஷனரிகள் வில்லியம் கேரியும் ஹென்றி மார்ட்டினும் அதைப் படித்து உந்தப்பட்டவர்கள். ஹாப்கின்ஸ் வழி வந்த நியூ இங்கிலாந்துப் போதகர்கள் முன்னின்று 1810-இல் அமைத்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம்தான் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் மிஷனரிகளை அனுப்பியது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, மதுரை, பசுமலை என்று அவர்கள் நடத்திய பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர். எட்வர்ட்ஸ் பெயரைக் கேள்விப்படாமலே அவர் வீட்டு வாசல் வழியாக வந்தவர்கள்.

என்ன படிக்கலாம்? யேல் பல்கலைக்கழகம் அவருடைய எழுத்தையெல்லாம் 26 தொகுதிகளாக அச்சிட்டு, அதற்கு மேலும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். தேன் உவமை வரும் பிரசங்கத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ‘பரலோகம் அன்பின் உலகம்’. பிறகு மறுபடியும் என்ஃபீல்ட் பிரசங்கம். இந்த முறை வாய்விட்டு, ஆனால் குரலை உயர்த்தாமல், கையை அசைக்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படியுங்கள்.

கடைசியாக, 1750 ஜூலை 1 அன்று நார்தாம்ப்டனில் அவர் சொன்ன விடைபெறும் பிரசங்கம். போதகரும் சபையும் நியாயத்தீர்ப்பு நாளில் மறுபடி சந்திப்பார்கள், அன்று நம் இருவரில் யார் சரி என்று தெரியும் என்பதே பொருள். வசைச்சொல் ஒன்றும் கிடையாது, அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருக்கும். சபையாரைப் பகுதி பகுதியாக அழைத்துப் பேசிவிட்டுப் பிள்ளைகளிடம் வருகிறார். கண்ணிகளும் சோதனைகளும் நிறைந்த பொல்லாத உலகத்தில் உங்களை விட்டுப்போகிறேன், உங்களுக்கு என்ன ஆகும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்கிறார். அதன் பிறகும், வேறு ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் அந்த ஊர் அவரையே கூப்பிட்டுப் பிரசங்கிக்கச் சொன்னது. பல வாரங்கள் அவரும் தன் சின்னத் தாள்கட்டை எடுத்துக்கொண்டு அதே மேடையில் ஏறினார்.